பால் காய்ச்சிய கூடாரம்

எங்கள் ஏழூத்துப்பட்டியில், இரண்டு பேர் நெருக்கிப் படுக்கிற ஆரஞ்சு நிறக் கூடாரம் ஒன்று வீடாகிப்போன கதையைச் சொல்வதென்றால் வைரவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த மனிதர் முப்பத்துமூன்று வருஷம் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் ஆய்வாளராக வேலை பார்த்து, பலசரக்குக் கடை, மீன் கடை, பழைய இரும்புக் கடை என்று ஒவ்வொரு தராசாகத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்த்துப் பார்த்து, ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகும் எந்தப் பொருளையும் சோதிக்காமல் கீழே வைக்கத் தெரியாதவராக ஆகிவிட்டிருந்தார். தீப்பெட்டி வாங்கினால் கடையிலேயே ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார், குடை வாங்கினால் பதினைந்து தடவை விரித்து மடக்குவார். நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார், ஆனால் அவரோடு காலையில் சந்தைக்குப் போனவர்கள் சாயங்காலம்தான் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள்.

அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஊருக்கு மேற்கே நிற்கிற தொப்பிமலையின் உச்சியில் ஒரே ஒரு ராத்திரி, யாருக்கும் சோறு போடாமல், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல், படுத்து எழ வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் வீட்டுக்கு வெளியே படுத்ததெல்லாம் ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும்தான், இரண்டு இடத்திலும் நாலு மணிக்கு எழுப்பிவிட்டுவிட்டார்கள். வருகிற சித்திரையில் வலது முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார், அதற்கப்புறம் மலையை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வனத்துறையில் எழுதிக் கேட்டதில் அனுமதிச் சீட்டு வந்துவிட்டது: பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, இரண்டு நபர், ஒரு கூடாரம். பதினைந்தாம் தேதியிலிருந்து காட்டுத்தீக் காலம், பாதையை அடைத்துவிடுவார்கள். ஆகவே அந்த ஒரு நாளை விட்டால் அவளுக்கு வேறு நாள் கிடையாது.

சீட்டு வந்த அன்றே வைரவன் சாமான் வாங்கப் புறப்பட்டுவிட்டார். மலையடிவாரத்து வனத்துறைச் சோதனைச்சாவடி பக்கம் மலையேறுகிறவர்களுக்கான சாமான் கடை வைத்திருக்கிற ஜமால், பொறுமையில் பெரிய ஆள், அன்றைக்கு அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் அடுத்த மூன்று மாதம் அந்த நாற்காலியை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

முதலில் ஷூ. காலையில் கால் சுருங்கியிருக்கும், சாயங்காலம் வீங்கியிருக்கும், ஆகவே சாயங்காலம்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜமால் சொன்னதை வைரவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஐந்து ஜோடியைக் கடனாக வாங்கிவந்து, கனமான காலுறை போட்ட பஞ்சவர்ணத்தைத் தினமும் ஐந்தரை மணிக்குக் கண்மாய்க் கரைச் சரிவில் ஏறி இறங்கச் சொன்னார். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கிறதா, ஏறும்போது குதிகால் தூக்குகிறதா என்று குனிந்து பார்த்து நோட்டில் எழுதினார். ஜோடிக்கு நாற்பது தடவை. மாடு பத்திக்கொண்டு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்து, இந்நேரம் அந்தம்மா மலைக்கே மூன்று தரம் போய்வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் மழைச்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு, உள்ளே நேற்றைய பேப்பரைச் சொருகிக்கொண்டு, பஞ்சவர்ணம் பம்புசெட் தண்ணீருக்குக் கீழே கால் மணி நேரம் நிற்க, வைரவன் பேப்பரை வெளியே எடுத்துத் தலைப்புச் செய்தி நனைந்திருக்கிறதா, வரி விளம்பரம் நனைந்திருக்கிறதா என்று பார்த்து எந்தத் தையலில் கசிகிறது என்று கண்டுபிடித்தார். முதுகுப்பைக்குள் தன் பழைய இரும்பு எடைக்கற்களைப் போட்டு, சரியாகப் பதினோரு கிலோ, பாரம் தோளில் இறங்குகிறதா இடுப்புப் பட்டையில் உட்காருகிறதா என்று அவளைத் தெருவில் நடக்கவிட்டார். ராத்திரி உள்ளே நுழைந்து படுக்கிற உறைப்பை குளிர் தாங்குமா என்று பார்க்க, மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிற பேக்டரியில் அனுமதி வாங்கி, கட்டிகளுக்கு நடுவில் பலகை போட்டு அவளைப் பைக்குள் படுக்கவைத்துக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, வெளியே தெர்மாமீட்டரோடு இருபது நிமிஷம் நின்றார்.

கதவைத் திறந்தபோது பஞ்சவர்ணம் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியதும், "ஏங்க, நாளைக்கும் ஒரு தடவ பாத்துருவமா, எனக்கென்னமோ சரியாத் தெரியல" என்றாள். நாலு நாள் அப்படிப் போய் வந்தாள். பட்டப்பகலில் இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாத இடம் ஊரில் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாகக் கூடாரம். தை மாதம் பிறந்து சீட்டுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, இரண்டு அடுக்குத் துணி, அடிவிரிப்பு, குறுக்கே போகும் இரண்டு கம்பி, மொத்தம் இரண்டே கால் கிலோ என்று வைரவன் தராசில் வைத்து ஒப்புக்கொண்ட ஆரஞ்சுக் கூடாரம் ஒன்று, ஊர்ப் பொதுக் களத்தில் விரிக்கப்பட்டது. தண்ணீர் ஊற்றினார்கள், ஒழுகவில்லை. மூன்று பேர் விசிறியால் வீசினார்கள், சாயவில்லை. அப்போதுதான் வைரவனின் அக்கா குணவதி வந்தார், வந்து இடுப்பில் கை வைத்துக் கூடாரத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"எல்லாஞ் சரிடா தம்பி. புதுசா ஒரு கூரைக்குக் கீழ புருசனும் பொண்டாட்டியும் படுக்கப் போறீக. பால் காய்ச்சாண்டாமா?"

"அக்கா, இது கூடாரம்."

"அதுல வாசல் இருக்குல்ல? கூரை இருக்குல்ல? பெறகு என்ன? எல்லாத்தையும் சோதிச்சவன் இத மட்டும் எதுக்கு விடுற?"

இந்தக் கடைசி வார்த்தைதான் வைரவனை அடித்தது. எதையாவது சோதிக்காமல் விட்டுவிட்டோம் என்ற எண்ணம் வந்தால் அவருக்கு மூன்று நாளைக்குச் சோறு இறங்காது.

ஜமால் மட்டும் சொல்லிப்பார்த்தான். "சார், கூடாரத்துக்குள்ள அடுப்புப் பத்த வைக்கவே கூடாது சார், துணி புடிச்சிக்கிரும்." ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சமாதானம் சொன்னார்கள். வளர்பிறை வெள்ளிக்கிழமை, வாசலைக் கிழக்கே திருப்பி, கம்பிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குணவதி முன்னால் உப்பும் மஞ்சளும் எடுத்துப் போக, பஞ்சவர்ணம் குனிந்து உள்ளே நுழைந்து பால் பொங்கவிட்டாள், பாலும் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது, துணியும் பிடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டு, வெறுங்கையோடு வரக்கூடாதே என்று கொண்டுவந்த சுவர்க் கடிகாரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மொத்தம் ஏழு கடிகாரம்.

சாயங்காலம் கூடாரத்தை மடக்கப் போனால், மண்ணில் அடித்திருந்த ஆணி வரவில்லை. வைரவன் இழுத்தார், ஜமால் இழுத்தான், இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டியதில், அவர் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வீட்டுக்குக் கடக்கால் எறங்கிருச்சுங்க, நாலடி இருக்கும், நல்ல வேல" என்றார். மறுநாள் காலை உள்ளே குனிந்து போன பஞ்சவர்ணம் நிமிர்ந்து நின்றாள், ஏனென்றால் அங்கே ஒரு கூடமும், கூடத்துக்கு அப்பால் மேடை போட்ட சமையலறையும் இருந்தன, மேடையில் அடுப்பும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பழையபடி அதே இரண்டு ஆள் கூடாரம்தான், நாய் தாண்டிப்போகிற உயரம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, பால் காய்ச்சினால் அது வீடு, இதில் ஆச்சரியப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பஞ்சாயத்து கிளார்க் தங்கராசு வந்து, இடம் புறம்போக்கா என்று ஒரு நாள் யோசித்து, வெளி அளவு இரண்டு பேர் படுக்கிற அளவைத் தாண்டாததால் ஆக்கிரமிப்பாகாது என்று முடிவு செய்து, 4/117-அ என்று கதவிலக்கம் கொடுத்தார். கதவு ஜிப் வைத்த துணியாக இருந்ததால் எண்ணைத் தையல்காரரிடம் கொடுத்து நூலால் தைக்க வேண்டியிருந்தது. மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் போனார். திருஷ்டிக்கு மீசை வைத்த பூசணிக்காய் ஒன்றை யாரோ கம்பியில் கட்டினார்கள். தபால்காரர் கடிதத்தை ஜிப் இடுக்கில் சொருகினார்.

அடுத்தது சொந்தக்காரர்கள். தம்பி புது வீடு போட்டிருக்கிறான் என்று குணவதி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்ல, பால் காய்ச்சுக்கு வர முடியாதவர்கள் விசாரிக்க வந்தார்கள், வந்தவர்களை ராத்திரி தங்கச் சொன்னதும் அவர்களுக்கென்று ஓர் அறை உண்டாகியிருந்தது, அறை இருக்கும்போது எதற்கு அவசரமாகப் போக வேண்டும் என்று அவர்கள் இன்னும் இரண்டு நாள் இருந்தார்கள், அதற்குள் அவர்களுடைய சம்பந்திகள் வந்தார்கள், அவர்களுக்கு இன்னோர் அறை. பத்தாவது நாளில் உள்ளே பத்தொன்பது பேர், ஒன்பது அறை, ஒரு பின்வாசல், பின்வாசலில் துணி காயப்போடக் கொடி. குணவதி நடுக்கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்து, வந்தவர்களுக்குப் புழக்கடையைக் காட்டி, காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வைரவன் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது, அந்த மூன்று மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

பஞ்சவர்ணம் பத்தொன்பது பேருக்கும் சமைத்தாள். வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே போவதற்காக வாங்கிய சாமானுக்குள் நின்றுகொண்டு, காலையில் இட்லி, பதினோரு மணிக்கு மோர், மதியம் இரண்டு பொரியல், சாயங்காலம் வடை என்று போட்டுக்கொண்டே இருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் சொந்த வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மதியம் சாவியை எடுத்தாள், கூடாரத்துக்குள்ளிருந்து மூன்று குரல் ஒரே நேரத்தில் கூப்பிட்டது.

பதினோராம் தேதி சாயங்காலம் அவள் வைரவனைப் பிடித்தாள்.

"நாளைக்குத் தேதி பன்னெண்டு."

"தெரியும் பஞ்சு. ஆனா இத்தன பேரு உள்ள இருக்கையில கூடாரத்த எப்படி மடக்குறது?"

"எப்ப போவாக?"

"வந்தவுகள அப்படிக் கேக்க முடியுமா? சித்திரைக்குள்ள போயிருவாக."

"சித்திரையில என் முழங்கால அறுக்கப் போறாக" என்றாள் பஞ்சவர்ணம். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வைரவன் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

விடிந்ததும் அவள் ஷூவைக் கட்டினாள். உறைப்பை, மழைச்சட்டை, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் முதுகுப்பையில் வைத்து இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக நடந்து வந்தாள். காபி குடுத்துட்டுப் போம்மா என்றார் ஒருவர். தோசைக்கு ஆட்டியாச்சா என்றார் இன்னொருவர்.

"கூடாரம் இல்லாம எப்படிப் போவ?" என்று ஜிப் வாசலில் வைரவன் மறித்தார். "பனி பெய்யும், புள்ள."

"ஐஸ் பேக்டரில படுத்தவதான நானு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியேறினாள், தெருவைத் தாண்டினாள், சோதனைச்சாவடியில் சீட்டைக் காட்டினாள், மலைப்பாதையில் காலை வைத்தாள். ஷூ எங்கும் இடிக்கவில்லை, பாரம் இடுப்பில் சரியாக உட்கார்ந்திருந்தது, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வளைவு தாண்டி மூங்கில் புதர் வரைக்கும் வந்தவள் சாம்பார் வாசனை அடிக்கவே திரும்பிப் பார்த்தாள். கூடாரம் வந்துகொண்டிருந்தது. ஆணிகளையும் நாலடிக் கடக்காலையும் உருவிக்கொண்டு, அடிவிரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்த மாதிரி, கோழி நடப்பதுபோல் தத்தித் தத்தி, பூசணிக்காய் ஆட, பாதையின் ஓரமாகவே ஏறி வந்துகொண்டிருந்தது. வீடென்று ஆன பிறகு வீட்டுக்காரியை விட்டு அது எப்படித் தனியாக நிற்கும். சாவடிக் காவலர் சீட்டைத் திரும்பவும் பார்த்து, ஒரு கூடாரம் என்று எழுதியிருக்கிறது, ஒரு கூடாரம்தான் போகிறது என்று கயிற்றைத் தூக்கிவிட்டாராம்.

அவள் வேகமாக நடந்தாள், அதுவும் வேகமாக நடந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. உள்ளே ஏழு கடிகாரமும் ஏழு மணி அடித்தன. பிறகு ஜிப் திறந்து ஒரு தலை நீண்டு, "பஞ்சவர்ணம், டிபன் என்னாச்சு?" என்று கேட்டது.

அங்கேதான், மூங்கில் புதருக்குப் பக்கத்துப் பாறையில், பஞ்சவர்ணம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சொந்தக்காரர்களைப் பார்த்துப் பேசவில்லை, கூடாரத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வரணும்னா வா. என் கூட வர்ற யாரையும் போன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. ஆனா இன்னைக்கு நான் அடுப்பு மூட்ட மாட்டேன். காபி கெடையாது. டிபன் கெடையாது. மதியச் சோறு கெடையாது. பசிச்சா வாழப்பழம் இருக்கு, அதுவும் எனக்குத்தான்."

சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். கூடாரம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது.

இரண்டாவது வளைவில் சம்பந்திகள் நாலு பேர் இறங்கிக்கொண்டார்கள், ஊரில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டியிருந்தது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் இறங்கியதும் அவர்கள் அறை உள்ளே மடிந்துகொண்டது. நீரோடையில் ஆறு பேர். ஒன்பதரை மணிக்கு, மோர்கூட வராது என்று உறுதியானதும், ஏழு பேர் மொத்தமாக இறங்கி, ஆளுக்கொரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, வெறுங்காலும் ஹவாய் செருப்புமாகக் கல்லில் தடுமாறிக்கொண்டு கீழே போனார்கள். ஒவ்வோர் அறையாகப் போகப் போகக் கூடாரத்தின் நடை லேசாகிக்கொண்டு வந்தது. பதினொன்றரை மணிக்குக் குணவதி இறங்கினார். இறங்கியவர் உடனே போகவில்லை. எதிரே திறந்து கிடந்த பள்ளத்தாக்கை, அதில் தெரிந்த ஊரை, ஊரில் தெரிந்த தன் வீட்டு மாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஷூ என்ன அளவு?" என்று பஞ்சவர்ணத்தின் காலைப் பார்த்துக் கேட்டார்.

"ஆறு, மதினி."

"எனக்கும் ஆறுதான்" என்றார் குணவதி. அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கம்பை ஒடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கிப் போனார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. கூடாரம் பாறைக்குப் பக்கத்தில் மண் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. ஜிப் திறந்து வைரவன் வெளியே வந்தார். மூன்று மாதம் ஐந்து ஜோடி ஷூவைச் சோதித்தவர் பாத்ரூம் செருப்போடு நின்றுகொண்டிருந்தார், தனக்கென்று ஒரு ஜோடி வாங்க அவருக்கு நினைவே வரவில்லை.

"எல்லாரும் போயிட்டாகளா?" என்றாள்.

"போயிட்டாக. ஒரு கூடமும் அடுப்படியும் மிச்சம் இருக்கு."

பஞ்சவர்ணம் பையை இறக்கி வைத்தாள். பாறை மேல் விரிப்பைப் போட்டு, உறைப்பைக்குள் இறங்கி, ஜிப்பை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். மேகம் கீழே இருந்தது. காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வைரவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், தலையைச் சொறிந்தார், பிறகு குனிந்து கூடாரத்துக்குள்ளே போய்விட்டார். அவர் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. காட்டுக்குள் தீ மூட்டக்கூடாது என்பது சட்டம், ஆனால் அந்த அடுப்பு 4/117-அ கதவிலக்கத்துக்குள் இருந்ததால் அது பஞ்சாயத்து எல்லைக்குள்தான் வரும் என்று தங்கராசு பிற்பாடு விளக்கம் சொன்னார்.

"பஞ்சு, ரவை எந்த டப்பால?"

அவள் பேசவில்லை. டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"கடுகு எங்க?"

பேசவில்லை. எதுவோ வெடித்தது, எதுவோ கருகியது, ஒரு கரண்டி கீழே விழுந்து உருண்டது.

"பஞ்சு... உப்பு எங்கம்மா இருக்கு?"

உப்பு எங்கே இருக்கிறது என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். இரண்டாவது தட்டில், புளிச் சாடிக்குப் பின்னால், மூடி உடைந்த ஜாடியில். முப்பத்தொரு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் அவள் வாய் தானாகவே சொல்லிவிடும், இப்போதும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, வெளிச்சம் போய்க்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். உள்ளே தேடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

வைரவன் ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் செருப்பு வழுக்காமல் ஒவ்வோர் அடியாக வைத்துப் பாறைக்கு ஏறி வந்தார்.

"உப்புமா மாதிரி ஒண்ணு" என்றார். "ருசி பாக்காமயே கொண்டாந்துட்டேன்."

பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் போட்டாள். உப்பே இல்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.